மேல் வீட்டுக் கொலு

நவராத்திரி, வீட்டார் மட்டும் கூடி உண்டு முடித்துக்கொள்ளும் பண்டிகை அன்று. ஒன்பது மாலைகளிலும் வாசற்கதவு திறந்திருக்க வேண்டும். அழைக்காத சுமங்கலி ஒருத்தி படியேறி வந்தாலும் அம்பாளே வந்தாள் என்று மனையிட்டு அமர்த்தி, மஞ்சள் குங்குமம் கொடுத்து அனுப்ப வேண்டும். மயிலாப்பூரில் மாடவீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் இதனால் எவருக்கும் இடையூறு நேர்ந்ததில்லை. திண்ணை உண்டு, ரேழி உண்டு, கூடம் உண்டு, நடுவே முற்றமும் உண்டு. வந்தவர்களின் செருப்புகள் திண்ணையடியில் கிடந்தன. குழந்தைகள் முற்றத்தில் ஓடினார்கள். பாட்டின் ஓசை முற்றத்தின் வழியே மேலே போயிற்று. அங்கே வானம்தான் இருந்தது. உறங்குகிறவர் ஒருவரும் இல்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவருடைய தரை இன்னொருவருடைய கூரை. இந்த ஓர் உண்மையை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கிவிடும். வாய்ப்பேச்சைச் சுவர் ஓரளவு தடுக்கும். ஆனால் நாற்காலியை இழுக்கும் ஓசையும், குழந்தைகள் குதிக்கும் ஓசையும், இரும்புப் படிகளைத் திருகாணி போட்டு முடுக்கும் ஓசையும் கான்கிரீட்டுக்குள் இறங்கி, கீழ் வீட்டுக் கூரையில் அதிர்வாக வெளிப்படும். மேலே இருப்பவருக்குச் சிறிதாகத் தோன்றுவது கீழே இருப்பவருக்கு மண்டைக்குள் தட்டுவது போல் இருக்கும். மேல் வீட்டார் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று கீழ் வீட்டார் நினைப்பதும், கீழ் வீட்டார் பண்டிகை பொறுக்காதவர்கள் என்று மேல் வீட்டார் நினைப்பதும் இப்படித்தான் தொடங்குகின்றன.

சென்னையின் தென்பகுதியில் அத்தகைய குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடியில், மகனோடும் மருமகளோடும் வசிக்கும் மூதாட்டி ஒருவர் உண்டு. வயது 74. மயிலாப்பூர் வீடு பாகம் பிரிந்து கைமாறிய பிறகு அவர் கையோடு கொண்டுவந்தவை நான்கு பெட்டிகள், நான்கிலும் பொம்மைகள். தாயார் சீதனமாகக் கொடுத்த மரப்பாச்சி ஜோடி, நிறம் மங்கிய தசாவதாரம், தொந்தி சரிந்த செட்டியாரும் அவர் மனைவியும் கடை பரப்பிய பொம்மை. புது வீட்டின் கூடம் சிறிது. ஆயினும் ஒன்பது படிகளைக் குறைக்க அவருக்கு மனம் வரவில்லை. சோபாவைப் படுக்கையறைக்குத் தள்ளி இடம் பண்ணினார்கள்.

நாள்தோறும் இருபது, இருபத்தைந்து பேர் வந்தார்கள். மருமகள் உற்சாகமானவள், அலுவலகத் தோழியரையும் அழைத்தாள். பாடத் தெரிந்தவர்களுக்காகச் சிறு ஒலிபெருக்கி ஒன்றும் வாங்கி வைத்திருந்தாள். கூடத்தில் பத்துப் பேர் அமர்ந்து பாடுவதற்கு ஒலிபெருக்கி எதற்கு என்று கேட்கலாம். இக்காலத்தில் அது பலருக்கும் பழகிப் போய்விட்டது. குரலைத் தூக்கிப் பாடும் பழக்கம்தான் குறைந்துவிட்டது.

இரண்டாம் நாள் மாலை, நேர் கீழ் வீட்டு மாமி வந்தார். எழுபதைத் தொட்ட வயது. வணங்கினார், தாம்பூலம் வாங்கிக்கொண்டார், கொலுவைப் படிப்படியாகப் பார்த்து, செட்டியார் பொம்மையிடம் சற்று நின்றார். தம் பிறந்த வீட்டிலும் இதே போல் ஒன்று இருந்தது என்றார். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "ராத்திரி எத்தனை மணிக்கு மாமி முடியும்?" என்று கேட்டார். "ஒன்பது, ஒன்பதரை ஆகும்" என்று பதில் வந்தது. "ஓ, சரி சரி" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். குறை சொல்லவில்லை, கோரிக்கையும் வைக்கவில்லை.

அந்தக் கேள்வி மூதாட்டியை இரவெல்லாம் உறங்கவிடவில்லை. கீழ் வீட்டு மாமா இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பி இரண்டு வாரமே ஆகியிருந்தது. பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில். இது குடியிருப்பில் எல்லாருக்கும் தெரிந்த செய்திதான். தெரிந்திருந்தும் அதையும் கொலுவையும் சேர்த்து ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

காலையில் பேச்சு எழுந்தது. "வருஷத்துக்கு ஒன்பது நாள்தானே அம்மா? மற்ற நாளெல்லாம் நாம் சத்தமே போடுவதில்லையே" என்றாள் மருமகள். மகன் சட்டத்தை எடுத்துச் சொன்னான். அவன் சொன்னதில் பிழை இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலான பொழுதைத்தான் இரவு என்று வகுக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. ஒன்பதரைக்கு முடியும் பாட்டைச் சட்டம் கேள்வி கேட்காது. தீபாவளிக்கும் இப்படித்தான்: காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை பட்டாசு வெடிக்கலாம் என்று தமிழக அரசு 2018 முதல் நேரம் குறித்து வருகிறது. வெடித்தே ஆக வேண்டும் என்பது அதன் பொருள் அன்று. முற்றிலும் முன்பின் அறியாத இருவருக்கு இடையே வழக்கு வந்தால் தீர்ப்பதற்குத்தான் மணிக்கணக்கு வேண்டும். ஒருவர் வீட்டில் தாம்பூலம் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் நடுவே கடிகாரத்தை நிறுத்துவது அழகாகாது.

மூதாட்டி இருவருக்கும் பதில் சொல்லாமல் ஒரு தொன்னையில் சுண்டலை எடுத்துக்கொண்டு கீழே போனார். "மாமா எப்போது தூங்குகிறார்?" என்று நேராகக் கேட்டார். இதை நேராகத்தான் கேட்க வேண்டும். "தொந்தரவாக இருக்கிறதா?" என்று கேட்டால், மரியாதை தெரிந்த எவரும் "அதெல்லாம் இல்லை" என்றுதான் சொல்லுவார்கள். தொந்தரவை மறைக்கச் சொல்லும் கேள்வி அது. உறங்கும் நேரம் எது, மருந்து நேரம் எது என்று கேட்டால் உண்மை தானாக வெளிவரும். மாமா பகலில் இரண்டு மணி முதல் நான்கு வரை கண்ணயர்வார். இரவு எட்டரைக்கு மாத்திரை கொடுத்தால் ஒன்பதுக்குள் உறக்கம் வர வேண்டும், கலைந்தால் பிறகு விடியும் வரை வராது என்று தெரிந்தது.

அன்றே ஏற்பாடுகள் மாறின. தாம்பூல நேரம் மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை. அழைக்க வேண்டியவர்களை நாள் பிரித்து, ஒரு வேளைக்கு எட்டுப் பேருக்கு மேற்படாமல் அழைத்தார்கள். ஒலிபெருக்கி பரணுக்குப் போயிற்று. கூடத்தில் இரண்டு ஜமுக்காளம் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தார்கள். நாற்காலிக் கால்களுக்குப் பழைய துணி கட்டினார்கள். வெள்ளிக்கிழமை லலிதா சகஸ்ரநாமப் பாராயணத்துக்கு இருபது பேர் கூடியே ஆக வேண்டும் என்பதால் கீழ்த்தளத்துப் பொதுக்கூடத்தைக் கேட்டு வாங்கினார்கள். அங்கே ஓர் அம்பாள் படம் வைத்து விளக்கேற்றி, புட்டு நைவேத்தியம் செய்து, ஏழு மணிக்கெல்லாம் எழுந்துவிட்டார்கள்.

இப்படிச் சுருக்கினால் வழிபாடு குறைந்துவிடாதா என்ற தயக்கம் பெரியவர்கள் சிலருக்கு எழலாம். சாஸ்திரம் இதில் ஐயத்துக்கே இடம் வைக்கவில்லை. ஜபத்தை வாசிகம், உபாம்சு, மானஸம் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பிறர் கேட்க உரக்கச் சொல்வதைவிட உதடு மட்டும் அசைவது மேல். அதனினும் மேல் மனத்துக்குள்ளேயே சொல்வது. ஓசை குறையக் குறையப் பலன் ஏறுகிறது என்பதே அந்தக் கணக்கு.

பெரிய புராணத்தில் பூசலார் நாயனாரின் வரலாறும் இங்கே நினைக்கத் தக்கது. திருநின்றவூரில் வாழ்ந்த அவரிடம் ஆலயம் எழுப்பப் பொருள் இல்லை. மனத்துக்குள்ளேயே கல் சேர்த்து, தச்சரைத் திரட்டி, நாள் பார்த்து அடித்தளம் இட்டு, சிகரம் வரை கட்டி முடித்தார். குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். காஞ்சியில் பெருஞ்செல்வம் செலவிட்டுக் கற்கோயில் எழுப்பிய காடவர்கோனும் அதே நாளைக் குறித்திருந்தான். இறைவன் அரசனின் கனவில் தோன்றி, பூசலாரின் ஆலயத்தில் நாளை புகப்போவதால் உன் விழாவை வேறு நாளில் வைத்துக்கொள் என்றான். அரசன் திருநின்றவூருக்கு வந்து, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோயிலைக் கட்டியவரின் காலில் விழுந்தான். அன்பின் பெருமைக்கே இந்த வரலாற்றை எடுத்துக்காட்டுவது வழக்கம். ஓசை மிக்க விழா, ஓசையே இல்லாத ஒரு விழாவுக்காகத் தன் நாளை விட்டுக்கொடுத்தது என்பதும் அதில் இருக்கிறது. இன்று அவ்வூரில் இருதயாலீஸ்வரர் சந்நிதியில் நிற்கிறவர்களுக்கு அது தோன்றாமல் போகாது.

இவ்வளவு சொன்னபின் சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடலாம். சண்டை மூள்வது பெரும்பாலும் அவற்றில்தான். வந்தவர்களின் செருப்பு எதிர்வீட்டு வாசற்கோலத்தின் மேல் கிடப்பது. விருந்தினரின் வண்டி அடுத்தவர் இடத்தில் நிற்பது. சுண்டல் தொன்னை மின்தூக்கிக்குள் கிடப்பது. சாம்பிராணிப் புகை தாழ்வாரத்தில் தேங்கி மூச்சிரைப்புள்ளவரைத் திணற வைப்பது. ஆயுத பூஜையன்று உடைத்த பூசணிக்காய் வாகனப் பாதையில் வழுக்கக் காத்திருப்பது. ஒவ்வொன்றையும் தடுக்க ஐந்து நிமிடம் போதும். மூதாட்டியின் வீட்டில் பேரன் ஒரு துடைப்பமும் கூடையுமாக எட்டு மணிக்கு இறங்கி, மூன்று மாடிப் படிகளையும் பார்த்துவிட்டு வருவான். காவலாளிக்கும் துப்புரவு செய்யும் பெண்களுக்கும் முதல் தொன்னை போகும். மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டால் மிச்சமே இருக்காது. சுண்டலின் இயல்பு அது.

எட்டாம் நாள் வரை எல்லாம் நிறைவாகவே நடந்தது. கீழ் வீட்டு மாமா ஒருநாள் கைத்தடியோடு மின்தூக்கியில் ஏறி வந்து, கொலுவின் முன் நாற்காலியில் பத்து நிமிடம் அமர்ந்துவிட்டும் போனார். அஷ்டமியன்று நள்ளிரவு கடந்து அவர் காலமானார்.

பிள்ளைகள் வந்து சேர மறுநாள் இரவாகும். உடலைக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். அதாவது நவமி முழுவதும், சரஸ்வதி பூஜை நாள் முழுவதும், கொலு வைத்த வீட்டின் நேர் கீழே ஒரு துக்க வீடு. அன்று மாலைக்கு 22 பேரை அழைத்தாயிற்று. இரண்டு கிலோ கொண்டைக்கடலை ஊறிக்கொண்டிருந்தது.

விடிவதற்குள் வீட்டில் மூன்று கேள்விகள் எழுந்தன. வைத்த கொலுவை விஜயதசமிக்கு முன் கலைக்கலாமா? பூஜையை நிறுத்தலாமா? கொலு இருக்கும் வீட்டிலிருந்து துக்க வீட்டுக்குள் போகலாமா? குடும்பத்து சாஸ்திரிகளுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். பங்காளிகள் இல்லை என்பதால் தீட்டு இல்லை, கொலுவைக் கலைக்க வேண்டியதில்லை, துக்கத்துக்குப் போய்விட்டு ஸ்நானம் செய்து விளக்கேற்றலாம் என்றார். மூதாட்டிக்கு அதற்கு மேலும் ஒன்று தெரிந்திருந்தது. அவர் பிறந்த கிராமத்தில் சந்நிதித் தெருவில் ஒரு சாவு விழுந்தால், உடலை எடுக்கும்வரை கோயில் நடை திறக்காது. சுவாமிக்கு நைவேத்தியமும் ஆகாது. தீட்டு என்றுதான் அதற்குக் காரணம் சொல்வார்கள். ஆனால் சிறுவயதில் அவருடைய பாட்டி சொன்ன விளக்கம் வேறு: தெருவில் ஒரு வீட்டில் அடுப்பு எரியாதபோது பெருமாள் மட்டும் சாப்பிடுவாரா என்பாளாம்.

மருமகளே இருபத்திரண்டு பேரையும் தொலைபேசியில் அழைத்து, வர வேண்டாம் என்று தெரிவித்தாள். வண்ண விளக்குகளை அணைத்தார்கள். வாசல் மாவிலைத் தோரணத்தை விட்டுவிட்டு, தாழ்வாரத்தில் தொங்கிய காகித அலங்காரங்களை மட்டும் கழற்றினார்கள். புத்தகங்களை அடுக்கி, குத்துவிளக்கில் ஒரு முகம் மட்டும் ஏற்றி, வெல்லமும் வாழைப்பழமும் நிவேதனம் செய்தார்கள். மணி அடிக்கவில்லை. சகஸ்ரநாமம் உதட்டளவில் நடந்தது. பிறகு மூதாட்டி கீழே போய், அந்த மாமியின் அருகில் தரையில் உட்கார்ந்தார். மணிக்கு ஒரு தரம் மேலிருந்து காபியும் மோரும் இறங்கி வந்தன. வருவோர் போவோர் அமர, கொலுவுக்கு விரித்திருந்த அந்த இரண்டு ஜமுக்காளங்களும் அங்கே வந்துவிட்டன.

அந்த மாடியில் இருந்தோரில் இருவர் முகம் சுளித்தது உண்மை. நவராத்திரியில் இப்படிப் போய் வருவது ஆகாது என்றார்கள். அவர்கள் நம்பிக்கை அவர்களுக்கு, பழிக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களும் அன்று தொலைக்காட்சியைப் போடவில்லை.

தசமி காலை பிள்ளைகள் கொள்ளி வைக்க, காரியம் முடிந்தது. மின்தூக்கி போதாமல் குடியிருப்பின் இளைஞர்கள் நால்வர் மாடிப்படி வழியே சுமந்து இறக்கினார்கள். பகல் சாப்பாடு மேல் வீட்டிலிருந்து போயிற்று: சாதம், மிளகு ரசம், தாளிக்காத மோர். குளிர்பெட்டியில் எடுத்து வைத்திருந்த கொண்டைக்கடலையைக் குளித்துவிட்டு வந்த மருமகள் அன்று மாலை சுண்டலாக்கினாள். அம்பாளுக்குக் காட்டிய பின், சுமந்த நால்வருக்கும் காவலாளிகளுக்கும் அது பகிரப்பட்டது. இரவு ஒரு மரப்பாச்சியை மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள்.

அடுத்த ஆண்டு நவராத்திரி வருமுன்னரே மூதாட்டி பஞ்சாங்கத்தைப் பார்த்து அஷ்டமியைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டார். மாமாவின் வருஷாப்திகம் அந்தத் திதியில் விழுகிறது. கீழே ஹோமம் நடக்கும், பிராமணர்கள் உண்பார்கள், பிள்ளைகள் மீண்டும் வருவார்கள். அன்று மேல் வீட்டுக்கு எவருக்கும் அழைப்பில்லை. மற்ற நாட்களின் பட்டியலைத் தயாரிக்கும்போது மருமகள் தயங்கிக்கொண்டே, "கீழ் வீட்டு மாமியைக் கூப்பிடலாமா?" என்று கேட்டாள். கணவனை இழந்தவரை மஞ்சள் குங்குமத்துக்கு அழைப்பது எப்படி என்பது அவளுடைய தயக்கம். இது பல வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படாத விஷயம். முந்தைய ஆண்டு மனையிட்டு அமர்த்தியவரை மறு ஆண்டு வாசலோடு நிறுத்தினால், மேலே கேட்கும் ஒவ்வொரு பாட்டும் கீழே அவருக்கு எப்படிக் கேட்கும் என்பதை யாரும் எண்ணுவதில்லை. ஒலிபெருக்கியை அணைப்பது அதைவிட மிகச் சுலபம்.

மூதாட்டி தாமே இறங்கிப் போய் அழைத்தார். "கூட்டத்தில் வர எனக்கு இன்னும் முடியாது மாமி" என்றார் அவர். வற்புறுத்தவில்லை. "பொம்மைகளைக் கட்டி வைக்கும் அன்றைக்கு வாருங்கள். எனக்குக் கை நடுங்குகிறது, செட்டியாரை மருமகளிடம் கொடுக்கப் பயமாக இருக்கிறது" என்றார் மூதாட்டி.

விஜயதசமிக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் வந்தார். ஜமுக்காளத்தில் எதிரெதிரே அமர்ந்து, பழைய வேட்டிகளைக் கிழித்து, பொம்மைகளை ஒவ்வொன்றாகச் சுற்றினார்கள். கழுத்துக்குப் பஞ்சு, கைக்குத் தனித் துணி, பூச்சி வராமல் இருக்க வேப்பிலை. செட்டியாரின் கடையில் இருந்த நெல்லும் பருப்பும் தனிப் பொட்டலமாயின. நான்காவது பெட்டியை மூடும்போது, அதைத் தரையில் இழுக்காமல் இருவருமாகத் தூக்கிப் பார்த்தார்கள்; முடியவில்லை. கீழே இப்போது உறங்குகிறவர் யாரும் இல்லை என்று கீழ் வீட்டு மாமியே சொன்னார். ஆயினும் பேரன் பள்ளியிலிருந்து வரட்டும் என்று பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள்.